ஒரு கைப்பிடி கூடுதல்

முழக்கோல் அக்காவைக் கூட்டிக்கொண்டு ஒரு வீட்டுக்கும் போக முடியாது என்று அவருடைய கணவர் அலுத்துக்கொள்வார். போன இடத்தில் காபி கொடுத்தால் குடிப்பார், நலம் விசாரிப்பார், குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுவார். எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கும். கண் மட்டும் மெல்லச் சுவரில் ஏறிவிடும். இந்த மூலையிலிருந்து அந்த மூலை, தரையிலிருந்து கூரை, ஜன்னலைக் கழி, கதவைக் கழி. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நாத்தனார் இடுப்பில் இடித்து, "என்ன அண்ணி, இவங்க வீட்டுக்கு எவ்வளவு பெயிண்ட் ஆகுமாம்?" என்று காதோரம் கேட்பார். கேலிக்குக் கேட்டதுதான். அக்கா கொஞ்சமும் கூசாமல் இத்தனை லிட்டர் என்று பதில் சொல்லிவிடுவார்.

முழக்கோல் என்பது அவருக்குப் பழைய ஆபீசில் வைத்த பேர். அவர் ஒல்லி, உயரம். போதாததற்கு எந்நேரமும் கையில் ஒரு முக்கோண ஸ்கேல் இருக்கும். பேர் வைக்க இதற்கு மேல் என்ன வேண்டும்?

அந்த ஆபீஸ் ஒரு கட்டட கான்ட்ராக்டருடையது. எல்லாரும் அவரைப் பெரியவர் என்றுதான் சொல்வார்கள். அக்காவுக்கு அங்கே எஸ்டிமேட் வேலை. கட்டப்போகும் கட்டடத்துக்கு எத்தனை கதவு, எவ்வளவு பூச்சு, எவ்வளவு தரை என்று பிளானைப் பார்த்தே அளந்து சொல்ல வேண்டும். கட்டடம் அப்போது எங்கேயும் இருக்காது. காகிதத்தில் வெறும் கோடாகத்தான் கிடக்கும். அந்தக் கோட்டுக்குள் நுழைந்து அறை அறையாக நடந்துவிட்டு வர வேண்டும் என்று அக்கா சொல்வார்.

நீளமான மேஜை. மேஜையை மூடிக்கொண்டு பிளான். சுருண்டுகொள்ளாமல் இருக்க நாலு மூலைக்கும் செய்தித்தாள் சுற்றிய அரைச் செங்கல். அச்சுக் கடையிலிருந்து புதிதாக வந்த பிளானில் அமோனியா நெடி தூக்கும். முதல் ஒரு மணி நேரம் எல்லார் கண்ணிலும் தண்ணீர். யாராவது உள்ளே வந்து பார்த்தால் துக்க வீடு என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் போக வேண்டியதுதான்.

அக்கா ஸ்கேல் வைத்து அளந்து சத்தமாகச் சொல்வார். எதிரே கால்குலேட்டர் அண்ணன் உட்கார்ந்து தட்டுவார். அந்த மனிதர் தட்டும்போது கால்குலேட்டரைப் பார்க்கவே மாட்டார். பார்வை ஜன்னலுக்கு வெளியே தெருவில் இருக்கும். "ம்… சொல்லும்மா… ம்… எதிர்க்கடைக்காரன் மறுபடியும் போர்டு மாத்தறான் பாரு… ம்… சொல்லும்மா." ஆனால் கணக்கு தப்பாது. அளந்து முடித்த சுவர் மேல் அக்கா கலர் பென்சிலால் ஒரு கோடு இழுப்பார். செங்கலுக்குச் சிவப்பு, பூச்சுக்கு மஞ்சள், தரைக்குப் பச்சை. ஒரே சுவரை இரண்டு தடவை அளந்துவிடக் கூடாது அல்லவா. வேலை முடியும்போது வெறும் நீலக் கோடாக வந்த பிளான் பாய் விரித்த மாதிரி வண்ணமாகக் கிடக்கும். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பது அக்காவுக்கு அவ்வளவு பிடிக்கும்.

கடைசியாக ஒரு சடங்கு பாக்கி. மொத்தம் போட்டு முடித்ததும் கால்குலேட்டர் அண்ணன் தலையைத் திருப்பாமலே, "கைப்பிடி போட்டாச்சா?" என்பார். அக்கா ஒவ்வொரு வரியிலும் கொஞ்சம் கூட்டுவார். அரிசி அளக்கிறவர்கள் படி நிறைந்த பிறகும் மேலே ஒரு பிடி அள்ளிப் போடுவார்களே, அதுபோல. அதற்குக் காரணம் இருந்தது. மழைக்காலத்தில் காகிதம் ஈரம் குடித்து விரிந்துவிடும், வெயிலில் சுருங்கும். பிளானில் கோடே கயிறு மாதிரி தடிமனாக இருக்கும். கோட்டின் உள்பக்கத்திலிருந்து அளந்தால் ஒரு அளவு, வெளிப்பக்கத்திலிருந்து அளந்தால் இன்னொரு அளவு. அதனால் பெரியவர் வைத்த வழக்கம் அது. "வேலை நடுவுல பொருள் பத்தலைன்னு யாரும் வந்து என் முன்னாடி நிக்கக் கூடாது" என்பார். கைப்பிடி எவ்வளவு என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அது அக்காவின் கைக்குத் தெரியும், அவ்வளவுதான்.

மகள் பிறந்ததும் அக்கா வேலையை விட்டார். கொஞ்ச நாளில் திரும்பி வந்துவிடலாம் என்றுதான் நினைத்தார். மகளுக்கு இளைப்பு வந்தது, பிறகு பள்ளிக்கூடம், பிறகு டியூஷன். இடையில் பெரியவர் காலமாகி ஆபீசையும் மூடிவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது மருந்துக்கடை இருக்கிறது. அக்கா தலைவலி மாத்திரை வாங்கக்கூட அந்தக் கடைக்குப் போக மாட்டார்.

மகளும் வளர்ந்து, கல்யாணமாகி, வேறு ஊருக்குப் போய்விட்டாள். கணவருக்குத் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் செய்யும் கடை. காலையில் போனால் பொழுது சாயத்தான் வருவார். வீட்டில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் மிச்சம். ஒருநாள் சாப்பிட உட்கார்ந்த கணவரிடம் அக்கா சொன்னார்.

"நான் மறுபடியும் வேலைக்குப் போறேங்க."

"பணம் பத்தலையா? கேளு, தரேன்."

"பணம் யார் கேட்டா? எனக்கு ஒரு மேஜை வேணும்."

"மேஜைதானே, நாளைக்கே வாங்கிப் போட்டுடறேன்."

"பிளான் விரிச்ச மேஜைங்க."

கணவர் சாதத்தைப் பிசைந்தார். "இப்பல்லாம் பிளானை எவன் விரிக்கிறான்? எல்லாம் கம்ப்யூட்டர்லதான்" என்றார். சொல்லிவிட்டு, மகள் விட்டுப்போன பழைய லேப்டாப்பைப் பரணிலிருந்து அவரே இறக்கித் துடைத்தும் கொடுத்தார்.

அக்கா அதைச் சமையலறையில் வைத்துக்கொண்டு வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார். எஸ்டிமேட் சாஃப்ட்வேர் என்றதும் பயந்துதான் போயிருந்தார். உள்ளே போய்ப் பார்த்தால் எல்லாம் தெரிந்த முகமாகவே இருந்தது. முதலில் அளவு எழுதியிருக்கும் ஒரு சுவரை எடுத்து இந்த முனையில் ஒரு சொடுக்கு, அந்த முனையில் ஒரு சொடுக்கு. நீளம் இவ்வளவு என்று எண்ணைத் தட்டிவிட வேண்டும். அதோடு அந்தப் படம் முழுக்க அந்த அளவுக்குக் கட்டுப்பட்டு நிற்கும். அப்புறம் அறையின் மூலைகளைத் தொட்டுக்கொண்டே போனால் தரை எவ்வளவு என்று தானாகச் சொல்லிவிடும். ஒரு கதவைத் தொட்டுக் காட்டினால் அதே மாதிரி இருக்கும் கதவுகளையெல்லாம் தேடிப் பிடித்து எண்ணிக் கொடுக்கும். எல்லாவற்றையும்விட அக்காவை இழுத்தது வேறொன்று. அளந்து முடித்த இடமெல்லாம் திரையிலும் கலர் கலராக நிரம்பியது. முதல் தடவை தரை முழுக்கப் பச்சை பரவியதும் அக்கா சமையலறையில் யாரும் இல்லை என்பதையும் மறந்து, "அண்ணே, இங்க பாருங்களேன்" என்று சொல்லிவிட்டார்.

அப்புறம் வேலை தேடினார். இரண்டு இடத்தில் வயதைக் கேட்டதும் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது ஆபீசில் மேனேஜரம்மா ஒருவர் இருந்தார். அக்காவைவிட இளையவர். தலைநிமிர்ந்து பேசுவதற்கே நேரமில்லாதவர். "ஒரு மாசம் பார்ப்போம். சரிவந்தா இருங்க, சரிவரலைன்னா வருத்தப்படக் கூடாது" என்றார்.

"வருத்தப்பட மாட்டேன் மேடம்" என்று அக்கா பொய் சொன்னார்.

இது போனால் இன்னொன்று வராது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். நாத்தனார் செய்தி கேட்டு ஓடி வந்து, "இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு அண்ணி இந்த வேண்டாத வேலை? காலை நீட்டி உட்கார்ந்து டிவி பார்க்கக் கூடாதா?" என்றார்.

"டிவி பெட்டிய வச்சிருக்கிற சுவர்தான் எனக்குத் தெரியுது, நான் என்ன பண்ண?"

புது ஆபீசில் எஸ்டிமேட் அறை சின்னது. இரண்டு மேஜை, இரண்டு பெரிய திரை. அடுத்த மேஜையில் ஒரு இளைஞர். பாட்டு கேட்கிறாரோ இல்லையோ, கழுத்தில் எப்போதும் ஹெட்போன் மாட்டியிருப்பார். அதனால் அக்கா மனசுக்குள் அவருக்கு ஹெட்போன் தம்பி என்று பேர் வைத்தார். பேர் வைக்கும் பழக்கம் பழைய ஆபீசிலிருந்து வந்தது.

முதல் வேலை ஒரு பள்ளிக்கூடம். பழைய கட்டடத்துக்குப் பக்கத்தில் புது வகுப்பறைகளும் நீண்ட வராந்தாவும் கட்டப் போகிறார்கள். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் டெண்டர் போய்ச் சேர வேண்டும். அக்கா உட்கார்ந்தார். பழைய ஆபீசில் நாலு பேர் சேர்ந்து ஒரு வாரம் பார்க்கிற வேலை. இவர் ஒருவராகப் புதன்கிழமைக்குள் முடித்துவிட்டார். ஹெட்போன் தம்பிகூட எட்டிப் பார்த்து, "என்ன அக்கா, மவுஸ்ல மோட்டார் வச்சிருக்கீங்களா?" என்றார்.

"எங்க வீட்டுக்காரர் மோட்டார் கடைதாம்ப்பா" என்று அக்கா சிரித்தார்.

திரையின் வலது பக்கம் ஒரு அட்டவணை இருந்தது. டைல் இவ்வளவு, பூச்சு இவ்வளவு, பெயிண்ட் இவ்வளவு என்று வரிவரியாக எண்கள். படத்தில் அளந்தது தானாக அங்கே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் பொடியாக ஒரு சங்கிலிப் படம். இந்த எண் படத்தோடு கட்டப்பட்டிருக்கிறது என்று அதற்கு அர்த்தம். அக்காவுக்கு அது தெரியும், வீடியோவில் பார்த்திருக்கிறார்.

எல்லாம் முடிந்து அட்டவணையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனசு நிறையவில்லை. ஏதோ ஒன்று விட்டுப்போன மாதிரி இருந்தது. ஞாபகத்தில் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்த ஒரு முகம் தலையைத் திருப்பாமலே கேட்டது. கைப்பிடி போட்டாச்சா?

அக்காவின் கை தானாகப் போயிற்று. டைல் வரியில் இருந்த எண்ணை அழித்துவிட்டுக் கொஞ்சம் கூட்டி எழுதினார். பூச்சு வரியில் கொஞ்சம். பெயிண்டில் கொஞ்சம், இன்னும் சில வரிகளில் கொஞ்சம். தொட்ட இடத்தில் சங்கிலிப் படம் மறைந்துபோனதைப் பார்க்கவும் செய்தார். பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நிம்மதியாக மூச்சு விட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினார்.

வியாழக்கிழமை மத்தியானம் பிளான் போட்டவர்கள் திருத்தம் அனுப்பினார்கள். வராந்தாவை அகலம் குறைத்துவிட்டார்கள். இது எல்லா வேலையிலும் நடப்பதுதான். பழைய ஆபீசாக இருந்தால் புது பிளானை விரித்து, செங்கல் வைத்து, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்திருப்பார்கள். இங்கே ஹெட்போன் தம்பி பழைய படத்தின் மேல் புதுப் படத்தைப் போட்டு, மாறிய மூலைகளை மட்டும் இழுத்து வைத்தார். அட்டவணையில் எண்கள் தாமாகக் குறைய வேண்டும்.

மேனேஜரம்மா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "கான்கிரீட் குறைஞ்சிருக்கு. சரி. வராந்தா சுருங்கியும் டைல் மட்டும் ஏன் அப்படியே நிக்குது?"

ஹெட்போன் தம்பி கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "மேடம், இந்தக் கணக்குப்படி டைல் வராந்தாவைத் தாண்டி, கிரவுண்டைத் தாண்டி, ஸ்கூல் கேட்டுக்கே போயிடும் போல."

மேனேஜரம்மா சிரிக்கவில்லை. "பெயிண்டும் அசையலை. யாரோ கையால எண் போட்டிருக்காங்க. யாரு?"

அறையில் இருந்ததே மூன்று பேர். சொல்லாமல் இருந்தாலும் தெரிந்துவிடும், சொன்னாலும் போச்சு. "நான்தான் மேடம்" என்றார்.

"ஏன்?"

"கொஞ்சம் சேர்த்தேன். பத்தாம போயிடக் கூடாதுன்னு."

மேனேஜரம்மா குனிந்து மவுஸை வாங்கித் திரையின் ஒரு மூலையைத் திறந்து காட்டினார். டைலுக்கு, பெயிண்டுக்கு, பூச்சுக்கு என்று தனித்தனியே ஒரு பங்கு ஏற்கெனவே அங்கே சேர்த்து வைத்திருந்தார்கள். நகைக்கடையில் சேதாரம் போடுவது மாதிரி, டைலை வெட்டும்போது வீணாகிற துண்டுக்கு என்று. "சேதாரம் போட்டாச்சு. அதுக்கு மேல நீங்க ஒரு சேதாரம் போட்டிருக்கீங்க. விலை ஏறிடும், டெண்டர் அடுத்தவனுக்குப் போயிடும். அதுகூடப் பரவாயில்லை. நீங்க தொட்ட எண் படத்தோட ஒட்டலை. படம் மாறினா அது மாறாது. எந்தெந்த வரியில எவ்வளவு சேர்த்தீங்க?"

அக்கா நினைத்துப் பார்த்தார். கை செய்த வேலை. மனசில் ஒன்றும் பதிந்திருக்கவில்லை. "பல வரியில கொஞ்சம் கொஞ்சம்… சரியா ஞாபகம் இல்லை மேடம்."

அந்த நிமிஷத்தில் அக்காவுக்கு அந்தச் சின்ன அறை மேல் அவ்வளவு ஆசை வந்தது. தன் நாற்காலி, தன் திரை, வாய் ஓரம் உடைந்த தன் டீ கப். எல்லாமே ஏற்கெனவே யாருடையதோ மாதிரி தள்ளித் தெரிந்தது.

"தம்பி, நீ உட்கார்ந்து முழுசா சரிபண்ணு" என்றார் மேனேஜரம்மா.

"மேடம்." அக்காவின் குரல் அவருக்கே கேட்காத மாதிரி வந்தது. "நான் போட்ட முடிச்சு. நானே அவிழ்க்கிறேன்."

"இன்னொரு தப்பு வந்தா டெண்டரே அனுப்ப முடியாது. தெரியுமில்ல?"

"தனியா பண்ணலை மேடம். சங்கிலி அறுந்த வரியெல்லாம் நான் மறுபடி படத்தோட கட்டறேன். தம்பி ஒவ்வொண்ணா சத்தமா வாசிக்கட்டும். ஒருத்தர் கண்ணுக்குத் தப்பினது இன்னொருத்தர் காதுக்குத் தப்பாது."

மேனேஜரம்மா கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் வெளியே போய்விட்டார். அது சம்மதமா கோபமா என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. சம்மதம் என்றே வைத்துக்கொண்டார்கள்.

ஹெட்போன் தம்பிக்கு வெட்கம். பள்ளிக்கூடத்தில் பாடம் வாசித்ததற்குப் பிறகு அவர் எதையும் சத்தமாக வாசித்ததில்லை. முதல் இரண்டு வரியை முனகினார்.

"தம்பி, என் காது உன் வாய்க்குள்ள இல்லை, இங்க இருக்கு. கொஞ்சம் சத்தமா சொல்லு."

"வராந்தா டைல்!" என்று அவர் பஸ் கண்டக்டர் மாதிரி ஒரு கத்து கத்தினார். டீ கொண்டுவந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். அக்கா சிரித்துக்கொண்டே படத்தில் வராந்தாவைத் தொட்டார். அட்டவணையில் எண் மாறியது, பக்கத்தில் சங்கிலி வந்து ஒட்டிக்கொண்டது. "ம்… சொல்லுப்பா" என்றார். சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று அவருக்கு உறைத்தது. கண்ணில் தண்ணீர் கோர்த்தது. அமோனியா இல்லாத அறை, காரணம் சொல்ல முடியாது. திரையை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார்.

அறை அறையாக நடந்தார்கள். வாசிக்கும்போது இன்னொரு தப்பும் அகப்பட்டது. கழிப்பறைக் கதவு இரண்டைச் சாஃப்ட்வேர் எண்ணாமல் விட்டிருந்தது. பிளானில் அவை மற்றக் கதவுகளுக்கு எதிர்ப்பக்கமாகத் திறக்கிற மாதிரி வரைந்திருந்தன. அதைக் கண்டுபிடித்தது தம்பிதான். "கதவு இல்லாம கட்டியிருந்தா பசங்க பாட்டுப் பாடிக்கிட்டேதான் போயிருக்கணும்" என்றார். சாயங்காலம் ஆபீஸ் மூடுவதற்குள் எல்லா வரியிலும் சங்கிலி திரும்பி வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் டெண்டர் போயிற்று. அக்கா தன் மேஜையைத் துடைத்தார். டீ கப்பைக் கழுவிப் பைக்குள் வைத்துக்கொண்டார். அப்போதுதான் கூப்பிட்டார்கள்.

மேனேஜரம்மா ஏதோ படித்துக்கொண்டே கேட்டார். "ஏன் சேர்த்தீங்கன்னு நேத்து முழுசா சொல்லலை."

அக்கா சொன்னார். ஈரம் குடிக்கிற காகிதம், கயிறு மாதிரி கோடு, பெரியவர், கால்குலேட்டர் அண்ணன், படிக்கு மேல் ஒரு பிடி. சொல்லச் சொல்ல அவருக்கே அது சின்னக் குழந்தை கதை மாதிரி இருந்தது. "இப்ப காகிதமே இல்லை. எனக்குத்தான் புத்தி வரலை" என்று முடித்தார்.

"சேர்க்கறது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார் மேனேஜரம்மா. "சேர்க்கணும்னு தோணினா, சேதாரம் போட்டு வச்சிருக்கிற இடத்துல, எல்லாருக்கும் தெரியற மாதிரி போடுங்க. ஏன்னு ஒரு வரி எழுதுங்க. யாருக்கும் தெரியாம மறைச்சுப் போட்டா அது கணக்கே இல்லை."

"சரிங்க மேடம்."

"உங்களைத் தனியா விட எனக்குப் பயமா இருக்கு."

அக்கா தலையை ஆட்டினார். வருத்தப்பட மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் சுவரைப் பார்த்தார். கண் பாட்டுக்கு மூலையிலிருந்து மூலைக்குப் போனது.

"அதனால தனியா விடப் போறதில்லை. நீங்க அளக்கறதை அவன் வாசிக்கட்டும், அவன் அளக்கறதை நீங்க வாசிங்க. அந்த ரெண்டு கதவு இல்லாம போயிருந்தா என் மானம் போயிருக்கும். மாசக் கடைசி வரைக்கும் காத்திருக்க வேணாம். திங்கட்கிழமை ஆஸ்பத்திரி பிளான் வருது, பெரிய வேலை." மேனேஜரம்மா அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "ஆனா அவனைக் கொஞ்சம் மெதுவா வாசிக்கச் சொல்லுங்க. என் ரூம் வரைக்கும் கேட்குது."

அக்கா நன்றி சொன்னாரா இல்லையா என்பது அவருக்கே நினைவில்லை. வெளியே வந்து கணவருக்குப் போன் போட்டார். மோட்டார் ஓடுகிற சத்தத்துக்கு நடுவில் கணவர், "என்ன?" என்று கத்தினார்.

"என்னங்க, திங்கட்கிழமையும் போகணும்."

"தெரியுது, தெரியுது."

"எப்படித் தெரியும்?"

"பின்னால எவனோ கதவு, ஜன்னல்னு ஏலம் போடறானே."

அக்கா திரும்பிப் பார்த்தார். ஹெட்போன் தம்பி யாரும் கேட்காமலே வேறொரு சின்ன வீட்டுப் பிளானைத் திறந்து வைத்துக்கொண்டு வாசிக்க ஆரம்பித்திருந்தார். எதிரே நாற்காலி காலியாக இருந்தது.

"இருப்பா, இருப்பா, நிறுத்து" என்று சொல்லிக்கொண்டே அக்கா போனை வைத்துவிட்டு ஓடினார். "நான் வந்து உட்கார்ந்துக்கறேன். முதல் வரியிலிருந்து சொல்லு."